கோல்ஃப் கேள்வி பதில்: சும்மா கெடக்குற பந்து பண்ற அட்டகாசம்

18 வருஷமா ஆடுறேன், ஹேண்டிகேப் (கணக்குக்கு மேல சுமாரா எத்தன ஷாட் கூட எடுப்போம்ங்கறது, கொறைய கொறைய நல்லது) இன்னும் 16ல தான் நிக்குது, அதனால ப்ரோ ரேஞ்சுக்கு எதிர்பாக்காதீங்க. கேளுங்க.

அண்ணா, நான் கிரிக்கெட்ல ஓப்பனர். வேகமா வர்ற பந்தையே அடிக்கிறேன், தரையில கெடக்குறத அடிக்க முடியலையே?

அதான் தம்பி வினையே. பந்து வந்தா கை தானா போயிடும், இங்க அது பாட்டுக்கு உக்காந்திருக்கும், நீங்க முழங்கைய யோசிச்சு தோள யோசிச்சு பின்னாடி நிக்கிற நாலு பேர யோசிச்சு அடிக்கிறதுக்குள்ள எல்லாம் கலைஞ்சிரும். அங்க எட்ஜ் எடுத்தாலும் ஃபோர் போகும், இங்க எட்ஜ்னா குளத்துக்குள்ள. திட்டுறதுக்கு பவுலரும் கெடையாது.

சார், அடிச்ச பந்து எப்பவும் வலது பக்கம் வளைஞ்சு மரத்துக்குள்ள போகுது. இடது பக்கம் குறி வெச்சா இன்னும் மோசம்.

ஆமா, மோசமா தான் ஆகும். அப்படி நின்னா கிளப் (அடிக்கிற மட்டை) பந்த குறுக்க வெட்டும், மட்டையோட முகம் வேற வலப்பக்கம் தொறந்திருக்கு, பந்து சுத்திக்கிட்டே வலது பக்கம் ஓடும். மொதல்ல கிரிப்ப, அதாவது மட்டைய புடிக்கிற விதத்த பாருங்க, குனிஞ்சு பாத்தா இடது கைல ரெண்டு விரல் முட்டியாவது தெரியணும், ஒண்ணு தான் தெரியுதுன்னா கைய லேசா வலப்பக்கம் திருப்பி புடிங்க. ஒரு பக்கெட் பந்து முடியிற வரைக்கும் அசிங்கமா இருக்கும், விட்டுடாதீங்க. எனக்கு இத சொன்னது பை தூக்கிட்டு கூட வர்ற ஒரு கேடி (caddie) தான், காசு வாங்கின கோச் இல்ல.

தொலைஞ்ச பந்த எவ்ளோ நேரம் தேடலாம்?

3 நிமிஷம். 2019க்கு முன்னாடி 5. கெடைக்கலன்னா ஒரு ஷாட் பெனால்டியோட, அடிச்ச பழைய எடத்துக்கே நடக்கணும். கொடைக்கானல்ல காட்டுமாடு நிக்கிற பக்கம் போச்சுன்னா தேடவே தேடாதீங்க!

என் வீட்டுக்காரர் ஞாயிறு 5 மணிக்கே கெளம்புறார், உம்முனு திரும்பி வர்றார், அடுத்த வாரம் திரும்பவும் போறார். அதுல அப்படி என்னதாங்க இருக்கு?

சிஸ்டர், 100 ஷாட்ல 97 குப்பையா தான் போயிருக்கும். ஆனா பனி காயாத புல்லுல செவன் அயர்ன்ங்கற மட்டைய எடுத்து அடிக்கும்போது ஒண்ணே ஒண்ணு சரியா மாட்டும் பாருங்க, 'டக்'னு சத்தம் மட்டும் தான் வரும், கையில அடிச்ச மாதிரியே தெரியாது, பந்து மேல போய் ஒரு நொடி நின்னுட்டு குழில நட்ட கொடி பக்கத்துல எறங்கும். உம்முனு வந்தாலும் மனசுக்குள்ள அத தான் ஓட்டிட்டு இருப்பார். காபி குடுத்துட்டு 'இன்னிக்கு நல்லா விழுந்தது எது'னு கேட்டு பாருங்க, அரை மணி நேரம் போயிடும், அதுக்கு நான் பொறுப்பில்ல.

கடைசி ஹோல்ல (குழில) மட்டும் எப்பவும் சொதப்புறேன்.

1999 பிரிட்டிஷ் ஓப்பன் போட்டி, ஸ்காட்லாந்து கார்னூஸ்டி மைதானம். பிரான்ஸ் ஆட்டக்காரர் வான் டி வெல்டே கடைசி ஹோலுக்கு வரும்போது 3 ஷாட் முன்னாடி, அதுல 6 ஷாட் எடுத்தா கூட கோப்பை. ஷூவ கழட்டிட்டு ஓடைக்குள்ள எறங்கி நின்னார், எடுத்தது 7, சமன் ஆகி பிளேஆஃப்ல தோத்தார். நீங்க நானெல்லாம் எந்த மூலைக்கு?

இடது கைக்காரன் நான், மட்டை செட் கெடைக்குமா?

கெடைக்கும், சாய்ஸ் கம்மி. இடது கையில ஆடி பேர் வாங்கின அமெரிக்க ஆட்டக்காரர் ஃபில் மிக்கல்சன் மத்த எல்லாத்துக்கும் வலது கை தான், அப்பா ஆடுறத எதிர்ல நின்னு பாத்து பாத்து கோல்ஃப் மட்டும் இடதுல வந்துருச்சு. அதனால காசு போடுறதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது ஓசி வாங்கி ரெண்டு பக்கமும் வீசி பாத்துருங்க.