மதுரையில் சனி, ஞாயிறு தங்க: அறை எடுப்பது பற்றிக் கேள்வி பதில்

மதுரை ரயில் நிலையத்துக்கும் மீனாட்சியம்மன் கோயிலுக்கும் நடுவில் டவுன்ஹால் ரோடு, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி, மேலவெளி வீதி என்று நடுத்தர ஹோட்டல்கள் நெருங்கிக் கிடக்கின்றன. ஓர் இரவுக்கு ஏறக்குறைய 2000 முதல் 4500 ரூபாய் வரை கேட்கிற இந்த ஹோட்டல்களைப் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில்கள்.

கேள்வி (தாம்பரம்): பாண்டியன் எக்ஸ்பிரஸில் சனிக்கிழமை விடியற்காலை இறங்குகிறோம். ஞாயிறு இரவு அதே வண்டியில் திரும்புகிறோம். ஹோட்டலில் ‘24 மணி நேர செக்-அவுட்’ என்கிறார்கள். நமக்கு லாபம்தானே சார்?

உங்கள் வண்டி வரும் நேரத்துக்கு நஷ்டம். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாள் வாடகை 3000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சனி காலை 6 மணிக்கு அறைக்குள் போனால் ஞாயிறு காலை 6 மணியோடு ஒரு நாள் முடிந்துவிடும். அதற்கு மேல் இருந்தால் இரண்டாம் நாள், ஆக 6000. பகல் 12 மணிக்கு நாள் மாறும் ஹோட்டலில் சனி பகல் 12 முதல் ஞாயிறு பகல் 12 வரை 3000தான். சனி காலையிலேயே அறை வேண்டுமென்றால் பெரும்பாலும் அரை நாள் வாடகை சேரும், 4500. காலையில் பைகளை வரவேற்பில் போட்டுவிட்டு, கோயில் 5 மணிக்கே திறப்பதால் தரிசனத்தை முடித்துக்கொண்டு 12 மணிக்கு அறைக்கு வந்தால் அந்த அரை நாளும் மிச்சம்.

குளிக்காமல் கோயிலுக்குப் போக மனம் வராதவர்களுக்கு ரயில் நிலையத்திலேயே ஓய்வறை இருக்கிறது. பயணச்சீட்டின் பி.என்.ஆர். எண்ணை வைத்து ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் முன்கூட்டியே பதிவு செய்யலாம். வார இறுதிக்குச் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஞாயிறு பகலில் அறையைக் காலி செய்த பிறகு பைகளை ஹோட்டலிலேயே வைத்துக்கொள்வார்கள். ரயில் நிலையப் பொருள் வைப்பறை என்றால் பையில் பூட்டு இருக்க வேண்டும், பயணச்சீட்டும் கேட்பார்கள்.

24 மணி நேர முறை யாருக்கு நல்லது என்றால், சனி இரவு 10 மணிக்கு வந்து ஞாயிறு இரவு 9 மணிக்குக் கிளம்புகிறவர்களுக்கு. அவர்களும் பதிவேட்டில் எழுதும் நேரத்தைக் கவனிக்க வேண்டும். வரவேற்பில் நீங்கள் கையெழுத்துப் போடுவது 5.30க்கு, அறை துடைத்து முடித்து சாவி கைக்கு வருவது 6.15க்கு. பேனாவை வைப்பதற்கு முன் 6.15 என்று எழுதச் சொல்லுங்கள். மறுநாள் அந்த முக்கால் மணி நேரத்துக்குத்தான் வாக்குவாதம் வரும்.

கேள்வி (ஓசூர்): செயலியில் முன்பதிவு செய்வதா, நேரடியாகப் போன் செய்வதா?

விலையைச் செயலியில் பாருங்கள், அதே விலையைச் சொல்லி ஹோட்டலுக்குப் போன் செய்யுங்கள். செயலிக்குத் தர வேண்டிய கமிஷன் மிஞ்சுவதால் பல இடங்களில் கொஞ்சம் குறைப்பார்கள், அல்லது காலைச் சிற்றுண்டியைச் சேர்த்துத் தருவார்கள். செயலியில் பதிவு செய்தாலும் முதல் நாள் மாலை ஒரு போன் போட்டே ஆக வேண்டும். முகூர்த்த நாளிலும் சித்திரைத் திருவிழாவிலும் ‘பதிவு வரவில்லை’ என்று கைவிரிப்பது செயலி வழியாக, பணம் கட்டாமல் செய்த பதிவுகளுக்குத்தான் அதிகம். 24 மணி நேர சலுகை நேரடிப் பதிவுக்கு மட்டும் என்று வைத்திருக்கும் ஹோட்டல்களும் உண்டு.

கேள்வி (தஞ்சாவூர்): அறை 3000 என்றார்கள். வரி எவ்வளவு வரும்? கூடுதல் மெத்தைக்கும் வரி உண்டா?

ஒரு நாள் வாடகை 7500 ரூபாய் வரை உள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதற்கு முன் 12 ஆக இருந்தது. பழைய விகிதத்தில் பில் வந்தால் சுட்டிக்காட்டுங்கள். கூடுதல் மெத்தைக் கட்டணமும் அறை வாடகையோடு சேரும். 3000 அறை, 800 மெத்தை, 5 சதவீதம் 190, மொத்தம் 3990. போனில் பேசும்போதே ‘வரியோடு எவ்வளவு?’ என்று கேட்டுவிடுங்கள்.

சாப்பாட்டு பில்லில் சேவைக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகை போட்டிருந்தால் அது வரி அல்ல, கட்டாயமும் அல்ல. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி): அம்மாவுக்கு 74 வயது, முட்டி வலி. லிஃப்ட் இருக்கிறது என்று போட்டிருந்தது. அது போதுமா?

போதாதுங்க. ‘லிஃப்ட் தெருமட்டத்திலிருந்தே ஏறுகிறதா?’ என்று கேளுங்கள். இந்த வீதிகளில் பல கட்டடங்களில் வாசலில் ஐந்தாறு படி ஏறித்தான் வரவேற்பு, லிஃப்ட் அதற்கு அப்புறம். அடுத்து, குளியலறை வாசலில் எத்தனை அங்குலப் படி, வெஸ்டர்ன் கழிப்பறையா, உட்கார்ந்து குளிக்க பிளாஸ்டிக் முக்காலி கிடைக்குமா. இந்த நான்குக்கும் சரியான பதில் வந்தால் அறை எடுங்கள். முக்காலி கேட்டால் சங்கடப்பட வேண்டாம், ஏறக்குறைய எல்லா ஹோட்டலிலும் ஒன்று வைத்திருப்பார்கள்.

கேள்வி (சேலம்): எந்தப் பக்கத்து அறை கேட்டால் நிம்மதியாகத் தூங்கலாம்?

நடு மாடி, உள்பக்கம், லிஃப்டிலிருந்து மூன்று நான்கு கதவு தள்ளி. கடைசி மாடி அறைக்கு மேலே மொட்டை மாடி. பகல் முழுக்கச் சூடேறிய தளம் நள்ளிரவு வரை வெப்பத்தை இறக்கிக்கொண்டே இருக்கும், ஏ.சி. திணறும். சில இடங்களில் மொட்டை மாடியிலேயே உணவகம் நடக்கும், நாற்காலி இழுக்கும் சத்தம் நேராகத் தலைக்கு மேல் கேட்கும். முதல் மாடி என்றால் தெருவின் ஹாரனும் சமையலறைப் புகைபோக்கியும் பக்கத்தில். ஜெனரேட்டர் எந்தப் பக்கம் இருக்கிறது, கீழே பார் இருக்கிறதா, அன்றைக்கு மண்டபத்தில் கல்யாண வரவேற்பு உண்டா என்றும் கேட்டுவிடுங்கள்.

‘கோபுரம் தெரியும் அறை’க்கு 500, 1000 கூடுதலாகக் கொடுக்காதீர்கள். மாடி உணவகம் உள்ள ஹோட்டலில் ஒரு காபிக்கு அதே கோபுரம் முழுசாகத் தெரியும்.

கேள்வி (புதுச்சேரி): அறைக்குள் நுழைந்ததும் குளியலறையில் சாக்கடை நாற்றம். ரூம் ஸ்ப்ரே அடித்துவிட்டுப் போகிறார்கள், பத்து நிமிஷத்தில் திரும்ப வருகிறது.

ஸ்ப்ரேயால் போகாது. தரையில் தண்ணீர் போகும் சல்லடைக்குக் கீழே வளைந்த ஒரு கிண்ணம் மாதிரி இருக்கும். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்று குழாயிலிருந்து வரும் வாயுவைத் தடுக்கும். சில நாள் ஆள் தங்காத அறையில் அந்தத் தண்ணீர் வற்றிவிடும், வழி திறந்துகொள்ளும். சல்லடை மேல் இரண்டு மக்கு தண்ணீர் மெதுவாக ஊற்றுங்கள், வாஷ்பேசினிலும் அரை நிமிஷம் குழாயைத் திறந்து விடுங்கள், காற்றாடியைப் போட்டுக் கதவைச் சாத்துங்கள். கால் மணி நேரத்தில் நாற்றம் அடங்கினால் பிரச்சினை அவ்வளவுதான். அடங்காவிட்டால் குழாயில் அடைப்பு, அல்லது அந்தக் கிண்ணமே இல்லாமல் கட்டியிருக்கிறார்கள். பெட்டியைப் பிரிக்காமல் அறையை மாற்றச் சொல்லுங்கள்.

ஏ.சி. உள்பெட்டியிலிருந்து சுவரில் தண்ணீர் வழிந்தாலும் அப்படித்தான், வேறு அறை. கழிவுநீர்க் குழாய் அடைத்திருக்கும், இரவில் ஆள் வந்து சரிசெய்வது அபூர்வம். வெந்நீர் வரவில்லை என்று உடனே போன் செய்ய வேண்டாம். 15 லிட்டர், 2 கிலோவாட் கீசர் நன்றாகச் சூடாக 15 முதல் 20 நிமிஷம் ஆகும். சாவி அட்டையைச் சொருகியிருந்தால்தான் அதற்கு மின்சாரமே போகும். சூரிய வெந்நீர் என்றால் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று இரவே கேட்டு வையுங்கள்.

கேள்வி (ஈரோடு): மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? பெட்ஷீட் வெள்ளையாகத்தான் இருக்கிறது.

பெட்ஷீட்டில் தெரியாது. தலைமாட்டுப் பக்கம் விரிப்பை உருவி, மெத்தையின் மூலையைத் தூக்குங்கள். ஓரத்தில் கயிறு மாதிரி ஓடும் தையலை விரலால் விரித்து, போன் வெளிச்சத்தை அதன் மேல் சாய்த்துப் பிடியுங்கள். பேனா முனையால் தொட்டு வைத்ததுபோல் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக இருந்தால் அது எச்சம். ஈரத் துணியால் ஒற்றினால் பழுப்பாகக் கலங்கும். வெறும் அழுக்கிலிருந்து பிரித்தறிய அது உதவும். கட்டிலின் தலைப்பலகைக்கும் சுவருக்கும் நடுவிலும் பாருங்கள். இதெல்லாம் முடியும் வரை பைகள் குளியலறைத் தரையில் இருக்கட்டும், கட்டில் மேல் வேண்டாம். அறை மாற்றினால் பக்கத்து அறையோ நேர் மேல் அறையோ வேண்டாம், வேறு மாடியே கேளுங்கள்.

கேள்வி (கோவை): நானும் தோழியும், திருமணம் ஆகவில்லை. அறை தர மறுக்கச் சட்டம் இருக்கிறதா?

திருமணமாகாத இரண்டு வயதுவந்தவர்கள் ஓர் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் இல்லை. கோவையில் மூடப்பட்ட ஒரு விடுதி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் இதைத் தெளிவாகச் சொன்னது. ஆனாலும் கோயிலைச் சுற்றியுள்ள ஹோட்டல்கள் சில தங்கள் விதி என்று மறுக்கின்றன. இரவு 10 மணிக்கு வாசலில் நின்று சட்டம் பேசுவதைவிட முன்பே போனில் நேராகக் கேட்டுவிடுவது நல்லது. இருவருக்கும் அடையாள அட்டை வேண்டும். ஆதார் நகல் தருவதானால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை ஆதார் ஆணையத் தளத்தில் இறக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி (திருச்சி): சொந்தக் கார். பார்க்கிங்?

‘பார்க்கிங் உண்டு’ என்பது நான்கு கார் நிற்கும் இடமாகவும் இருக்கலாம். உங்கள் அறைக்கு ஓர் இடம் ஒதுக்குவார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் வடக்கு ஆவணி மூல வீதியில் மாநகராட்சியின் பல அடுக்கு வாகன நிறுத்தம் இருக்கிறது.

கேள்வி (காஞ்சிபுரம்): கோயிலுக்குள் போன் கொண்டுபோக முடியாதாமே. அறையில் வைத்துவிட்டுப் போகலாமா?

2018 பிப்ரவரியில் வீர வசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நடந்தது. அதே ஆண்டிலிருந்து பக்தர்கள் போனுக்குத் தடை. வாசலில் பாதுகாப்பறை உண்டு, வார இறுதியில் அங்கும் வரிசை. நடந்து போகிற தூரத்தில் தங்கினால் அறையிலேயே வைப்பது வசதி. ஆனால் போன் இல்லாமல் கிளம்பினால் ஜி.பே. இல்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். சில்லறையாக 500 ரூபாய், ஹோட்டல் முகவரி அட்டை ஒன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கட்டும். கூட்டத்தில் பிரிந்தால் எங்கே சேர்வது என்பதையும் உள்ளே போகும் முன் பேசிவையுங்கள். ‘கோபுர வாசல்’ என்றால் நான்கு திசையிலும் ராஜகோபுரம் இருக்கிறது. பொற்றாமரைக் குளத்தின் தென்கரைப் படி என்று சொன்னால் பிள்ளைகளுக்கும் புரியும். பகல் 12.30க்கு நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறக்கும்.