வளர்க்கும் கடுவன் பூனை வீடு முழுக்கச் சலம் அடிக்கிறது. விட்டுவிடாமல் சமாளிக்க வழி உண்டா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: கோண்டாவிலில் உங்கள் வீட்டில் குட்டியாக எடுத்து வளர்த்த கடுவனுக்கு இப்போது இரண்டு வயது, சில மாதங்களாக வாசல் நிலையிலும், விறாந்தைக் கதிரைக் கால்களிலும், திரைச்சீலையிலும், கடைசியாகச் சுவாமி அறைச் சுவரிலும் சலம் அடிக்கிறது, எவ்வளவு கழுவியும் மணம் போகவில்லை, அம்மா அதைச் சாக்கில் போட்டுச் சந்தையடியில் விட்டுவிட்டு வரச் சொல்கிறார். விட்டுவிட வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், நலமடிக்காத, அதாவது விதைகளை அகற்றாத, கடுவன் ஒன்று தன் வயதுக்குரிய வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் பூனை இல்லாத காலம் எனக்கு நினைவில் இல்லை. இந்தத் தொல்லை தீர்ந்து, அதே பூனை வயதாகி எங்கள் மடியிலேயே படுத்துறங்கியதையும் பார்த்திருக்கிறேன்.

முதலில், அது எப்படிச் சலம் போகிறது என்பதை உங்கள் கண்ணால் ஒருமுறை பாருங்கள். எல்லைக்கு அடையாளம் வைக்கும் பூனை குந்தாது. கதவு நிலையை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பி நின்று, வாலை நேரே நிமிர்த்தும். வாலின் நுனி நடுங்கும். பின்னங்கால்கள் இரண்டும் நின்ற இடத்திலேயே மாறி மாறி மிதிக்கும். பிறகு பின்பக்கமாகச் சுவரில் ஒரு சிறு பீச்சல் விழும். சுவரில் ஒரு சாண் உயரத்திலிருந்து ஒழுகிக் காய்ந்த மஞ்சள் கோடு தெரிந்தால் அது இதுதான். மாறாக, நிலத்திலோ மெத்தையிலோ துவாய்க் குவியலிலோ குந்தியிருந்து நிறையப் போயிருந்தால், அது அடையாளம் வைப்பதல்ல. மலசலம் கழிக்கும் இடம் அதற்குப் பிடிக்கவில்லை அல்லது உடம்பில் ஏதோ நோய் இருக்கிறது என்று பொருள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு என்பதால் இந்த வித்தியாசத்தைக் கண்டறியாமல் எதையும் தொடங்குவதில் பயனில்லை.

இங்கே ஒன்றை மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட முடியாது. கடுவன் அடிக்கடி குந்தி முக்கி, சொட்டுச் சொட்டாகப் போனாலோ, ஒன்றுமே வராமல் கத்தினாலோ, சலத்தில் இரத்தம் கலந்திருந்தாலோ, ஓயாமல் தன் குறியை நக்கிக்கொண்டிருந்தாலோ, சிறுநீர்வழி அடைபட்டிருக்கக்கூடும். கடுவனுக்கு அந்தக் குழாய் மிக ஒடுக்கம். முற்றாக அடைபட்டால் ஓரிரு நாட்களுக்குள் உயிர் போய்விடும். அந்த நிலையில் விடியும் வரை காத்திராமல் மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். வலிக்கிறதே என்று இரக்கப்பட்டு வீட்டிலிருக்கும் பரசிற்றமோல் குளிசையில் ஒரு துண்டைக்கூடக் கொடுத்துவிடாதீர்கள். மனிதருக்குச் சாதாரணமான அந்த மருந்து பூனையின் இரத்தத்தையும் ஈரலையும் கெடுத்துக் கொன்றுவிடும். இதை அறியாமல் கொடுத்துப் பூனையைப் பறிகொடுத்தவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் பூனை நின்றபடி சுவரில் அடிப்பதாகவே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே முதல் வேலை சத்திரசிகிச்சை. விதைகளை அகற்றிய கடுவன்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது இந்தப் பழக்கத்தை விட்டுவிடுகின்றன அல்லது வெகுவாகக் குறைத்துக்கொள்கின்றன. அறுவை முடிந்த மறுநாளே நின்றுவிடும் என்று எதிர்பார்க்கக்கூடாது. உடம்பில் ஓடும் ஓமோன் வடிவதற்குச் சில வாரங்கள் எடுக்கும், சில பூனைகளில் சில மாதங்களும் ஆகும். மணத்துக்கும் அதே ஓமோன்தான் காரணம். பூனையின் சிறுநீரில் பெலினின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அது காற்றுப்பட்டுச் சிதையும்போது கந்தகம் கலந்த பொருட்கள் வெளிப்படுகின்றன, மூக்கைத் துளைப்பது அவைதான். நலமடிக்காத கடுவனில் இந்தப் பெலினின் மிக அதிகம், நலமடித்ததில் மிகக் குறைவு. அதனால் அடிப்பது முற்றாக நிற்பதற்கு முன்னரே மணத்தின் கடுமை குறைவதை நீங்கள் உணர்வீர்கள். பெட்டைப் பூனையும் வேட்கைக் காலத்தில் சுவரில் அடிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். குளிர்நாடுகளில் அது பகல் நீளும் மாதங்களோடு முடிந்துவிடும், யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் வரும். அயலில் ஒரு பெட்டை கத்தினாலே உங்கள் கடுவன் நிலைகொள்ளாமல் அலையும்.

நான்கு முதல் ஆறு மாத வயதில் செய்வதே நல்லது, ஆனால் இரண்டு வயதில் செய்வதாலும் ஒரு குறையும் இல்லை. உங்கள் பிரதேசத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்திலோ தனியார் மிருக வைத்தியரிடமோ முன்கூட்டியே பேசி நாள் குறித்துக்கொள்ளுங்கள்; எத்தனை மணியிலிருந்து சாப்பாடு நிறுத்த வேண்டும் என்பதையும் அவரிடமே கேளுங்கள். கொண்டுபோகும்போது மோட்டார் சைக்கிளில் மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம்; மூடியுள்ள கூடையில் பழைய துவாய் ஒன்றை விரித்து, மூடியைக் கயிற்றால் கட்டிக் கொண்டுபோங்கள். விசர்நோய்த் தடுப்பூசி போடாதிருந்தால் அது பற்றியும் அப்போதே கேட்கலாம்.

நலமடிப்பது பாவம் என்று நம் வீடுகளில் பெரியவர்கள் தயங்குவதை அறிவேன். அந்தத் தயக்கம் இரக்கத்திலிருந்து வருவது என்பதால் அதை நான் மதிக்கிறேன். ஆனால் நலமடிக்காத கடுவன் இரவிரவாக வெளியே சண்டை பிடித்து, காது கிழிந்து, கடிவாய் சீழ் கட்டி வருகிறது. அது பெற்ற குட்டிகள் யாருடைய மதிலோரத்திலோ கண் திறக்காமல் கிடக்கின்றன. வீட்டுச் சோற்றில் வளர்ந்த பூனையைச் சந்தையில் விட்டால், அங்கே ஏற்கெனவே இருக்கும் கடுவன்களும் நாய்களும் அதை ஒரு வாரம் வாழவிடுமா என்பதே சந்தேகம். சிறிய அறுவையின் வலியையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது பாவம் என்பதை அம்மாவே தீர்மானிப்பார் என்று நம்புகிறேன்.

சத்திரசிகிச்சைக்கு நாள் வரும் வரையில், எங்கெங்கே அடிக்கிறது என்று ஒரு தாளில் வீட்டின் படம் கீறிக் குறித்துக்கொள்ளுங்கள். வாசல், யன்னல், பின்கதவு என்று வெளிப்பக்கத்தைச் சுற்றியே புள்ளிகள் விழுந்தால், வெளியே ஒரு கடுவன் வந்து போகிறது. நம் வீடுகளில் அது வருவதற்குக் காரணம் பெரும்பாலும் மீன். பின்பக்கத்தில் மீன் வெட்டிக் கழுவிய தண்ணீரும் செதிலும் குடலும் கிடக்கும் வரை அயற் பூனைகள் அத்தனையும் மதிலேறி வரும். வந்தவை போகிற வழியில் உங்கள் கதவில் அடித்துவிட்டுப் போகும். அதற்கு உங்கள் பூனை உள்ளிருந்து பதில் அடிக்கும். மீன் கழிவை வாழையடியில் ஆழமாகப் புதைத்து, வெட்டிய இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வெளிப் பூனைகளுக்குப் படியில் சோறு வைப்பதை வேலியோரத்துக்கு மாற்றுங்கள். தாழ்வான யன்னல்களின் கீழ்க் கண்ணாடியில் வெளியே பார்க்க முடியாதபடி தாள் ஒட்டுங்கள். சுவாமி அறையின் யன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்று பாருங்கள். மீன் கழுவும் கிணற்றடிப் பக்கமாக இருந்தால் விடை அங்கேயே இருக்கலாம்.

புள்ளிகள் வீட்டின் நடுவில் விழுந்தால், உள்ளே எது மாறியது என்று யோசியுங்கள். புதிய மணம் பூனையைக் கலங்கவைக்கும். நல்லூர்த் திருவிழாவுக்கென்று வெளிநாட்டிலிருந்து வந்த எங்கள் சித்தப்பாவின் சூட்கேஸ் விறாந்தையில் வைக்கப்பட்ட அன்றிரவே அதன் மூலையில் ஈரம் இருந்தது. உறவினர்கள் நின்ற நாட்களெல்லாம் பெட்டிகளை அறைக்குள் பூட்டி வைத்தபின் அது திரும்ப நடக்கவில்லை. புதுக் கதிரை, இன்னொரு பூனைக்குட்டி, வீடு திருத்த வந்த மேசன்மார், பிள்ளை பிறந்த வீட்டின் பரபரப்பு என்று எதுவும் காரணமாகலாம்.

அடுத்தது கழுவுதல். பெரும்பாலானோர் தோற்பது இங்கேதான். மனித மூக்குக்குப் போய்விட்ட மணம் பூனைக்குப் போயிருப்பதில்லை, பழைய மணம் இருக்கும் வரை அதே இடத்தில் மீண்டும் அடிக்கும். தண்ணீரும் சவர்க்காரமும் சிறுநீரின் மற்றப் பகுதிகளைக் கழுவிவிடும். ஆனால் மணம் தரும் சில பொருட்கள் இலகுவில் போகாமல் சீமெந்துக்குள்ளும் பழைய சுண்ணாம்புச் சுவருக்குள்ளும் தங்கிவிடும். கோடையில் காய்ந்து கிடக்கும்போது மணக்காது. ஐப்பசி பிறந்து மாரி மழை பிடித்து, காற்றில் ஈரம் ஏறியதும் அதே சுவர் புதிதாக அடித்ததுபோல் மணக்கும். நீங்கள் எழுதியிருக்கும் ‘மழை நாட்களில் கூடுதலாக இருக்கிறது’ என்பதற்குக் காரணம் இதுவே.

பழைய இடங்களைக் கண்டுபிடிக்க, கடைகளில் காசுத்தாள் சோதிக்கும் ஊதாக்கதிர் ரோச் ஒன்று போதும். இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, சுவரடியில் ஒரு முழ உயரம் வரை அந்த வெளிச்சத்தை மெதுவாக நகர்த்திக்கொண்டு போங்கள். மங்கிய மஞ்சட்பச்சை நிறத்தில், மேலே விரிந்து கீழே கூர்ந்து ஒழுகிய தழும்புகள் தெரியும். கதவு நிலைக்குப் பின்னால், அலுமாரியின் பக்கவாட்டில், திரைச்சீலையின் கீழ்மடிப்பில் என்று நீங்கள் நினைத்திராத இடங்களிலும் இருக்கும். ஒவ்வொன்றையும் சோக்கினால் வட்டமிட்டு வைத்தால் பகலில் வேலை இலகு.

என்சைம் சேர்ந்த சலவைத் தூள் என்று பையில் அச்சிட்டிருப்பதை வாங்கி, ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு வெதுவெதுப்பான தண்ணீர் கலந்து, அந்த இடம் நன்றாக ஊறும்படி தடவி விடுங்கள். என்சைம் வேலை செய்ய நேரம் வேண்டும். உடனே துடைத்தால் பயனில்லை, கொதிநீர் ஊற்றினால் என்சைமே கெட்டுவிடும். பிறகு சாதாரணத் தண்ணீரால் கழுவி, காய்ந்தபின் பாமசியில் விற்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றைப் பஞ்சில் நனைத்துத் துடையுங்கள். வர்ணம் பூசிய சுவரிலும் துணியிலும் முதலில் ஒரு ஓரத்தில் சோதித்துப் பாருங்கள். நீண்ட காலம் ஊறிய சுண்ணாம்புச் சுவரானால், இப்படிக் கழுவி முற்றாகக் காயவிட்டு மேலே ஒரு பூச்சு வர்ணம் அடிப்பதே நிரந்தரத் தீர்வு. தும்பு மெத்தைக்குள் இறங்கிவிட்டால் மட்டும் மனதைத் தேற்றிக்கொண்டு மெத்தையை மாற்றுங்கள்.

பினைல், டெற்றோல் போன்றவற்றால் துடைப்பது நம் வீடுகளில் கைவந்த பழக்கம். பூனையுள்ள வீட்டில் அதை நிறுத்த வேண்டும். அவற்றிலுள்ள பீனோல் வகைச் சேர்மங்களைப் பூனையின் ஈரலால் முறிக்க முடியாது. ஈரத் தரையில் நடந்த காலை நக்கினாலே நஞ்சு உள்ளே போகும். யூக்கலிப்ரஸ் தைலம் தெளிப்பதும், மூலைகளில் பூச்சி உருண்டை வைப்பதும் அதே காரணத்தால் ஆபத்து. குளோரின் கலந்த வெளிற்றும் திரவத்தைச் சலத்தின் மேல் ஊற்றினால், அதிலுள்ள அமோனியாவோடு சேர்ந்து நச்சு வாயு எழும். அது உங்கள் சுவாசத்துக்கும் கேடு.

கழுவிக் காய்ந்த இடத்தை வெறுமனே விடாதீர்கள். சுத்தமான பருத்தித் துணியொன்றால் பூனையின் கன்னத்தையும் நாடியையும் மெதுவாகத் தடவி, அதே துணியை அந்த இடத்தில் அதன் மூக்கின் உயரத்தில் நாள்தோறும் தேய்த்துவிடுங்கள். கன்னத்தின் சுரப்பு பட்ட இடத்தில் பூனை பொதுவாகச் சலம் அடிப்பதில்லை. கதிரைக் காலில் அது கன்னத்தைத் தேய்ப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள், இதுவும் அதே வேலையைத்தான் செய்கிறது. வாசலோரத்தில் அதன் சாப்பாட்டுக் கோப்பையை வைப்பதும் உதவும்; உண்ணும் இடத்தை அது அசுத்தப்படுத்த விரும்பாது.

வெளியே மண்ணில் போய்ப் பழகிய பூனையானாலும், மழைக்காலத்தில் முற்றம் வெள்ளமாக நிற்கும்போது அதற்குப் போக இடமிருக்காது. ஓர் அகன்ற பிளாஸ்ரிக் தட்டில் அரித்த நுண்மணல் போட்டு, சாப்பாட்டுக்கு எட்டத்தில், ஆள் நடமாட்டம் குறைந்த மூலையில் வையுங்கள். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாகத் தட்டுகள் இருக்க வேண்டும், ஒவ்வொரு நாளும் அள்ள வேண்டும்.

பூனைக்கு அடி போடுவதும், அதன் மூக்கைச் சலத்தில் தேய்ப்பதும் வேண்டாம். பயந்த பூனை இன்னும் கூடுதலாகச் சலம் அடிக்கும், அதுவும் உங்கள் கண்ணில் படாத இடத்தில். பழிவாங்கச் செய்கிறது என்று அம்மா சொல்வது உண்மையல்ல. ஆனால் சுவாமி அறை பற்றிய அவருடைய மனவருத்தம் முற்றிலும் நியாயமானது. எனவே அந்த அறையை இன்றே கழுவிக் கொடுத்து, பூனை சரியாகும் வரை கதவைச் சாத்தி வையுங்கள், விளக்கேற்றும் நேரத்தில் பூனையை வேறு அறையில் விடுங்கள். அவர் விரதமிருக்கும் நாட்களில் இந்த ஒன்றைச் சரியாகச் செய்தாலே, சாக்கில் போட்டு விடும் பேச்சு வீட்டில் குறைந்துவிடும்.

இவ்வளவும் செய்து, அறுவைக்குப் பின் மூன்று நான்கு மாதங்கள் கடந்தும் நிற்காவிட்டால் மறுபடி வைத்தியரிடம் போய்ச் சிறுநீரைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். நோய் ஒன்றும் இல்லையென்றால் புளுவொக்செற்றின் போன்ற மனப்பதற்றத்தைத் தணிக்கும் மருந்துகள் இதற்கு நன்றாக வேலை செய்வது ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. அளவு பூனையின் நிறையைப் பொறுத்து வைத்தியர் எழுத வேண்டியது. பலன் தெரியச் சில வாரங்கள் எடுக்கும். நிறுத்துவதும் அவர் சொல்கிறபடி சிறிது சிறிதாகவே.

நாள் குறிக்கப் பேசும்போது, பூனையின் வயது, நிறை, எந்த மாதத்தில் தொடங்கியது, வீட்டில் வேறு பூனை உண்டா ஆகிய நான்கையும், நீங்கள் கீறிய அந்தப் படத்தையும் கையில் வைத்திருங்கள்; வைத்தியர் கேட்பது பெரும்பாலும் இவற்றைத்தான்.