கண் அழுத்தச் சொட்டு மருந்தும் வழியும் கண்ணீரும்

வணக்கம் சார். கண் அழுத்தத்துக்கு எட்டு வருஷமா டிமோலால் சொட்டு விடுற உங்க அம்மாவுக்குக் கண்ணீர் கன்னத்தில் வழியுதுன்னு எழுதியிருந்தீங்க. சொட்டை நீங்களா நிறுத்திடாதீங்க. அழுத்தம் ஏறிப் போன பார்வை திரும்பாது.

கீழிமையை மூக்கோரம் லேசா இழுத்துப் பாருங்க. குண்டூசி முனை அளவு துளை தெரியணும். கண்ணீர் மூக்குக்கு இறங்குற வாசல் அதுதான். மருந்தும், அது கெடாம இருக்கக் கலந்த பென்சல்கோனியம் குளோரைடுங்கிற ப்ரிசர்வேட்டிவும் வருஷக்கணக்கா பட்டா, சிலருக்கு அழற்சி வந்து அந்தத் துளை சுருங்கிடும். கண் உலர்ந்து உறுத்தினாலும் நீர் கொட்டும், அதையும் பார்க்கச் சொல்லுங்க.

நீங்க கடலூர்தானே, தவளக்குப்பம் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில சிரிஞ்சிங் கேளுங்க. துளைவழியா உப்புநீர் விடுவாங்க. தொண்டையில் கரிச்சா பாதை திறந்திருக்கு. விட்ட துளையிலேயே திரும்பினா, துளைக்கு உள்ளே போற இமைக்குழாயில் அடைப்பு. துளை மட்டும் சுருங்கியிருந்தா விரிச்சு விடலாம். ப்ரிசர்வேட்டிவ் இல்லாத சொட்டுக்கு மாத்தலாமான்னும் கேளுங்க. அதுவரை ஒரே சொட்டு விட்டு, கண்ணை மூடி மூக்கோரம் ரெண்டு நிமிஷம் அழுத்தி, வழிஞ்சதைச் சுத்தமான பஞ்சால ஒத்தி எடுங்க.