விழித்திரைக் கிழிசலும் இந்தியப் பயணமும்: மலையகத்திலிருந்து வந்த கேள்விகள்

நான் 26 வருடம் கண் வார்டில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். என் அண்ணனை விழித்திரை அறுவைச் சிகிச்சைக்குத் தமிழ்நாட்டுக்குக் கூட்டிப்போய்க் கூடவே இருந்தேன். நான் வைத்தியர் இல்லை, உங்கள் கண்ணைப் பார்த்த வைத்தியர் சொல்வதுதான் முடிவு. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி: அம்மாவுக்கு 56 வயது. மூன்று நாளாக வலது கண்ணில் மின்னல் வெட்டுகிறதாம், கொசுக் கூட்டம் பறக்கிற மாதிரியும் தெரிகிறதாம். மதுரைக்குக் கூட்டிப்போக பாஸ்போர்ட் எடுக்கப் போகிறோம். அதுவரை தாங்குமா அக்கா?

பாஸ்போர்ட் வேலையை அப்படியே வைத்துவிட்டு, அம்மாவை இன்றைக்கே கண் வைத்தியரிடம் காட்டுங்கள் தம்பி. நுவரெலியா, கண்டி, பதுளை பெரியாஸ்பத்திரிகளில் கண் பிரிவு இருக்கிறது. போயா நாள், கிளினிக் நாள் இல்லை என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். அவசரப் பிரிவில் போய், "மின்னல், கறுப்புப் புள்ளி, மூன்று நாளாக" என்று இந்த மூன்றையும் சொல்லுங்கள்.

லயத்துச் சுவரில் ஒட்டிய பேப்பரை நினைத்துப் பாருங்கள். ஒரு மூலையில் சின்னதாகக் கிழிந்து, அதன் வழியாக ஈரம் இறங்கினால் மொத்தமாக உரிந்து வந்துவிடும். கண்ணின் உள்சுவரில் பின்பக்கம் ஒட்டியிருக்கிற விழித்திரையும் அப்படித்தான். அம்மாவுக்குத் தெரிகிற மின்னலும் புள்ளியும் அது கிழிகிறதன் அறிகுறியாக இருக்கலாம். வயது போகப் போகக் கண்ணுக்குள் இருக்கிற கூழ் சுருங்கி விழித்திரையை இழுக்கும். அந்த இழுப்பில்தான் கிழிசல் விழும், அதன் வழியாக நீர் உள்ளே போனால் விழித்திரை கழன்றுவிடும். ஓரத்திலிருந்து திரை இறங்குகிற மாதிரி நிழல் விழுந்தால் கழலத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

வெறும் கிழிசலாக இருக்கும்போதே பிடித்துவிட்டால், அதைச் சுற்றி லேசர் போட்டுப் பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கால் மணி நேர வேலை. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசும் இல்லை. நடுவில் இருக்கிற பார்வைப் புள்ளி வரைக்கும் கழன்ற பிறகு எந்த ஊருக்குக் கொண்டுபோனாலும் பழைய பார்வை முழுதாகத் திரும்புவது கஷ்டம். மதுரை நல்ல இடம்தான். ஆனால் கிழிசல் விசா வரும்வரை காத்திருக்காது.

பண்டாரவளையிலிருந்து ஒரு அக்கா: அப்படியானால் யார்தான் இந்தியாவுக்குப் போக வேண்டும்?

இங்கே ஒருமுறை அறுவை செய்தும் மறுபடி கழன்றவர்கள், விழித்திரை மேல் தழும்புச் சவ்வு படர்ந்தவர்கள், சீனி வருத்தத்தால் சிக்கலானவர்கள், அவசரக் கட்டம் தாண்டி இரண்டாவது கருத்துக் கேட்க நினைக்கிறவர்கள். இவர்களுக்கும் முதலில் கொழும்பு தேசிய கண் வைத்தியசாலைக்குத் துண்டு வாங்கிப் போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

அதற்கு மேலும் போவதென்றால் மதுரை அரவிந்தும் சென்னை சங்கர நேத்ராலயாவும் நம்மவர்கள் அதிகம் போகிற இடங்கள். அரவிந்த் 1976இல் 11 கட்டிலோடு தொடங்கியது. சங்கர நேத்ராலயா 1978இல் தொடங்கியது. அங்கே போவதில் ஒரு பெரிய நிம்மதி மொழி. கையெழுத்துப் போடச் சொல்கிற படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இங்கே எத்தனை பேர் விளங்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பது வார்டில் நின்ற எனக்குத் தெரியும்.

நுவரெலியாவிலிருந்து ஒரு அண்ணன்: எனக்கு அடுத்த மாதம் சென்னையில் அறுவை. கண்ணுக்குள் காஸ் வைப்பார்களாம். எத்தனை நாளில் வீட்டுக்கு வரலாம்?

நம் மலையகத்து ஆட்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது இதுதான், கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

கழன்ற விழித்திரையை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்க ஒரு காஸ் குமிழி வைப்பார்கள். எஸ்எஃப்6 என்கிற காஸ் இரண்டு மூன்று வாரத்தில் கரையும். சி3எஃப்8 ஆறு முதல் எட்டு வாரம் நிற்கும். காஸ் இருக்கும்வரை விமானம் ஏறக்கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். மலை ஏறக்கூடாது என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

கொழும்பில் வாங்கின முறுக்குப் பாக்கெட் நானுஓயா வரும்போது தலையணை மாதிரி உப்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான் கண்ணுக்குள்ளும் நடக்கும். நுவரெலியா 1,868 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். விமானத்துக்குள்ளும் ஏறக்குறைய அவ்வளவுதான் வைத்திருப்பார்கள். குமிழி பெருக்கப் பார்க்கும், கண்ணில் இடம் இருக்காது, அழுத்தம் ஏறிக் கண்ணுக்கு இரத்தம் போவது நின்றுவிடலாம்.

ஒருநாள் இரவு எங்கள் வார்டுக்கு ஒரு ஐயா வந்தார். கீழ்நாட்டில் காஸ் வைத்து அறுவை செய்து, வேனில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவர். ஹட்டனை நெருங்கும்போது கண் வெடிக்கிற மாதிரி வலி, வாந்தி, பார்வை இருண்டுவிட்டது. அவரோடு வந்த மருமகன் வேனைத் திருப்பி நாவலப்பிட்டிப் பக்கம் இறக்கினதால் கண் தப்பியது. அவர் கையிலிருந்த துண்டில் "விமானப் பயணம் கூடாது" என்று மட்டும் இருந்தது. மலையைப் பற்றி ஒரு வரி இல்லை.

அதனால் அண்ணன், அறுவைக்கு முன்னாலேயே "என் வீடு 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது" என்று சொல்லுங்கள், படிவத்திலும் எழுதுங்கள். காஸ் முழுதாகக் கரைந்துவிட்டது என்று வைத்தியர் பார்த்துச் சொல்லும்வரை விமானமும் இல்லை, நுவரெலியாவும் இல்லை. சி3எஃப்8 என்றால் இரண்டு மாதம் வெளியில் தங்குகிற செலவையும் கணக்கில் சேருங்கள். அப்புறம், அந்த நாட்களில் பல் வைத்தியரிடம் போனாலும் கண்ணில் காஸ் இருப்பதை முதலில் சொல்ல வேண்டும். நைட்ரஸ் ஒக்சைட் என்கிற மயக்க வாயுவும் குமிழியைப் பெருக்கும்.

அதே அண்ணன்: காங்கேசன்துறைக் கப்பலில் வரலாமே?

நல்ல யோசனை. நாகப்பட்டினத்திலிருந்து 2023இல் தொடங்கின கப்பல் கடல் மட்டத்தில் வருவதால் குமிழி பெருக்காது. ஆனால் கடல் கொந்தளிக்கிற மாதங்களில் ஓடாது, குலுக்கலும் உண்டு. வைத்தியர் சம்மதித்தால் வரலாம். வந்தாலும் யாழ்ப்பாணம், வத்தளை, நீர்கொழும்பு என்று கீழே ஒரு சொந்தக்காரர் வீட்டில்தான் தங்க வேண்டும்.

பதுளையிலிருந்து ஒரு தங்கச்சி: காஸுக்குப் பதில் எண்ணெய் வைத்தால் உடனே பறக்கலாமாம். அதைக் கேட்டு வாங்கலாமா?

சிலிக்கன் எண்ணெய் உயரத்தில் பெருக்காது, உண்மைதான். ஆனால் சில மாதம் கழித்து அதை எடுக்க இன்னொரு அறுவை வேண்டும், அதாவது இன்னொரு பயணம். எது பொருந்தும் என்பது கிழிசல் இருக்கிற இடத்தைப் பொறுத்தது. உங்கள் நிலைமையைச் சொல்லுங்கள், முடிவை அவர்களிடம் விடுங்கள். செலவுக் கணக்கை எழுத்தில் கேட்கும்போது எண்ணெய் எடுக்கிற செலவும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு மகள்: தங்கச்சி குவைத்தில் இருக்கிறாள். கிழிசலுக்கு லேசர் மட்டும் போட்டார்களாம். ஊருக்குப் பறக்கலாமா?

காஸ் வைக்கவில்லை என்றால் விமான அழுத்தம் ஒன்றும் செய்யாது. லேசர் போட்ட இடம் நன்றாக ஒட்ட 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை அங்கேயே இருந்து, ஒருமுறை காட்டிவிட்டு வரச் சொல்லுங்கள்.

கொட்டகலையிலிருந்து ஒரு தம்பி: குப்புறப் படுக்கச் சொன்னார்கள் என்கிறார்களே, அப்பாவால் முடியுமா?

முடியும், ஆனால் கூட ஆள் வேண்டும். குமிழி மேலே மிதக்கும், அதனால் கிழிசல் மேல் போய் அழுத்துகிற மாதிரி தலையை வைக்க வேண்டும். எல்லோருக்கும் குப்புறத்தான் என்றில்லை, சிலருக்கு ஒருக்களித்துப் படுத்தால் போதும்.

என் அண்ணன் மேசன். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சாய்மானத்தில் தலையணை கட்டி, அதில் நெற்றியை வைத்து உட்கார்ந்திருப்பார். தேத்தண்ணியை உறிஞ்சு குழாயில்தான் கொடுத்தேன். பத்து நாள் போனதும், "ரசமட்டக் குமிழி மாதிரி கண்ணுக்குள் ஆடுது தங்கச்சி" என்றார். அவருக்குக் குமிழி பார்வையின் அடிப்பக்கம் தெரிந்தது. மேலே தெளிந்துகொண்டு வந்தது. கடைசியில் மிளகு அளவாகி ஒருநாள் காலையில் காணாமல் போய்விட்டது. வைத்தியர் பார்த்து உறுதி சொன்ன பிறகுதான் டிக்கட் போட்டோம்.

ஹப்புத்தளையிலிருந்து ஒரு அம்மா: விசா எப்படி?

இந்திய இ-மெடிக்கல் விசா இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். துணைக்குப் போகிறவருக்கும் தனி விசா உண்டு. அங்குள்ள ஆஸ்பத்திரியின் கடிதம் தேவை. கண்டியில் இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயம் இருக்கிறது, சந்தேகம் என்றால் அங்கே கேளுங்கள்.

பொகவந்தலாவையிலிருந்து ஒரு தங்கச்சி: எனக்கு எல்லாம் முடிந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. கொழுந்து பறிக்கப் போகலாமா?

தலையில் கயிறு போட்டு முதுகில் கூடை சுமப்பது எப்படி இருக்கும் என்று பட்டணத்து வைத்தியருக்குத் தெரியாமல் இருக்கலாம். எத்தனை கிலோ, எவ்வளவு சரிவு என்று சொல்லி, கையால் செய்தும் காட்டிக் கேளுங்கள். சுமை வேண்டாம் என்றால் எத்தனை வாரத்துக்கு என்று எழுதி வாங்கி, தோட்டத்து ஆஸ்பத்திரியிலும் ஆபீசிலும் ஒவ்வொரு பிரதி கொடுத்துவிட்டு, மூலத்தை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.