2070 இலக்கு வெற்றுப் பேச்சா? ஆடிக் காற்றில் காத்தாடியை நிறுத்தியவனின் பதில்

கேட்கப்பட்ட கேள்வி: "பணக்கார நாடுகள் விட்ட புகைக்கு நாம் ஏன் நிலக்கரியை விட வேண்டும்? 2070-க்குள் நிகர பூஜ்ஜியம் (விடுகிற கார்பனும் திரும்ப உறிஞ்சப்படுகிற கார்பனும் சமமாவது) என்று இந்தியா அறிவித்தது வெற்றுப் பேச்சுதானே?"

வெற்றுப் பேச்சு என்று நான் சொல்ல மாட்டேன். அதை அளக்கிற அளவுகோல் சரியில்லை என்று சொல்வேன். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் ஏதோ தொலைக்காட்சி விவாதம் பார்த்துவிட்டு அந்தச் சூட்டோடு எழுதியது போல இருக்கிறது. அந்த விவாதங்களில் ஒருவர் நாட்டுப் பெருமை பேசுவார், இன்னொருவர் உலகம் அழியப்போகிறது என்பார், கரண்ட் எங்கிருந்து எப்படி வருகிறது என்று மட்டும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். எனக்கு அதில்தான் வயிற்றெரிச்சல். நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் ஏழு வருடம் காற்றாலையில், எங்கள் பேச்சில் காத்தாடியில், வேலை பார்த்தவன்.

முதல் பாதிக் கேள்வியில் உங்கள் பக்கம்தான் நானும். ஓர் அமெரிக்கர் வருடத்துக்கு 14 டன் அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு விடுகிறார் என்றால் நம் ஆள் ஒருவர் விடுவது 2 டன் அளவுதான். 2021-ல் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டின் கடைசி நேரத்தில் நிலக்கரியை "ஒழிப்போம்" என்பதை இந்தியா "படிப்படியாகக் குறைப்போம்" என்று மாற்ற வைத்தபோது உலகமே திட்டியது, எனக்கு இந்தியா செய்தது நியாயமாகவே பட்டது. பணக்கார நாடுகள் எரிக்கிற எண்ணெயும் எரிவாயுவும் அந்த வரியில் இல்லையே. ஏழை நாடுகளுக்கு வருடத்துக்கு 10,000 கோடி டாலர் தருவோம், 2020-க்குள் அந்த அளவை எட்டிவிடுவோம் என்று 2009-ல் கொடுத்த வாக்கையும் அவர்கள் நேரத்துக்குக் காப்பாற்றவில்லை. ஆகவே என்னைத் தேசவிரோதி என்று எழுத வருகிறவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படித்துவிட்டு வாருங்கள்.

ஆனால் அவர்கள் செய்த தப்புக்கும் நம் ஊர்க் காத்தாடியை நாமே நிறுத்தி வைப்பதற்கும் என்ன சம்பந்தம்?

2013 ஆடி மாதம். பாலிடெக்னிக் முடித்து வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்கள் சைட்டில் ஒவ்வொன்றும் ஒன்றரை மெகாவாட் மெஷின்கள். அந்தக் கணவாயில் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று அங்கே நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், பைக்கை ஸ்டாண்ட் போட்டு நிறுத்த முடியாது, சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க முடியாது. வருடம் முழுக்க நாங்கள் காத்திருப்பதே அந்த நான்கைந்து மாதக் காற்றுக்குத்தான். கியர் ஆயில் மாற்றுவது, பிளேடு பார்ப்பது எல்லாம் அதற்குள் முடித்து மெஷினைத் தயாராக வைத்திருப்போம். அப்படி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது ராத்திரி பதினொரு மணிக்கு துணை மின்நிலையத்திலிருந்து போன் வரும். எங்கள் ஷிப்ட் அண்ணாச்சி போனை வைத்துவிட்டு, "தம்பி, லோடு இல்லையாம், எட்டு மெஷினை நிறுத்திரச் சொல்றாங்க" என்பார். காலை ஐந்து மணி வரை எட்டு மெஷினும் சும்மா நிற்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு மெஷின், ஆறு மணி நேரம், 72,000 யூனிட். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-ல் நம் வீடுகளுக்குத் தர ஆரம்பித்தார்களே, அதுபோல 720 வீடுகளுக்கான கரண்ட் ஒரே ராத்திரியில், ஒரே சைட்டில் போய்விட்டது. அதே நேரத்தில் எங்கோ கரி எரிந்துகொண்டுதான் இருந்தது. கரியில் ஒரு யூனிட் எடுத்தால் ஏறக்குறைய ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு. அப்படியென்றால் 70 டன், ஒரு ராத்திரிக்கு.

நாங்கள் இருந்த ஊரிலிருந்து பார்த்தால் மெஷின்கள் வரிசையாகத் தெரியும். ஒருநாள் காலையில் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனபோது அப்பா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். எங்கள் இரண்டு ஏக்கரும் காத்தாடிக்குக் கொடுத்த நிலம்தான், அந்தப் பணத்தில்தான் அக்காவின் கல்யாணம் நடந்தது. "ஏலே, இம்புட்டுக் காத்து அடிக்கி, காத்தாடி எல்லாம் ஏன் நிக்கி? ரிப்பேரா?" என்று கேட்டார். கரண்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றேன். அதற்கு அப்பா, "வேண்டாமாமா? அப்ப போன ஐப்பசியில எதுக்குல நம்மள இருட்டுல போட்டான்?" என்றார். 2012 கடைசியில் சென்னைக்கு வெளியே தினமும் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அதைச் சொல்கிறார். என்னிடம் பதில் இல்லை.

பதில் பிறகு தெரிந்துகொண்டேன். கரி நிலையத்தை நினைத்த நேரத்தில் அணைத்து ஏற்ற முடியாது, பாய்லர் சூடேறவே பல மணி நேரம் ஆகும். ஓர் அளவுக்குக் கீழே குறைத்தால் தீ நிலையாக நிற்காது, எண்ணெய் ஊற்றி எரிக்க வேண்டிவரும். ராத்திரியில் தேவை குறையும்போது கரியைக் குறைப்பதைவிடக் காத்தாடியை நிறுத்துவது சுலபம், ஒரு போன் போதும். இன்னொரு பக்கம், மிச்சக் கரண்டை வெளியே கொண்டுபோக அன்றைக்கு மின்கம்பியும் போதவில்லை. இதில் போன் செய்கிற துணை மின்நிலையத்தில் வேலை பார்ப்பவர்களின் குற்றம் எதுவும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்கும் கிரிட், அதாவது மொத்த மின்கட்டமைப்பு, விழாமல் காக்க வேண்டிய கட்டாயம்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பசுமை வேலை, பசுமை வேலை என்று மேடையில் பேசுகிறார்களே, எங்களை எடுத்தது ஒரு காண்டிராக்டர். மாதாமாதம் சம்பளத்தில் பி.எஃப். என்று பிடித்துவிட்டு 14 மாதம் அதைக் கட்டவே இல்லை. 80 மீட்டர் உயரத்தில் ஏறி வேலை செய்தவனுக்கு! மூன்று வருடம் அலைந்து பாதிதான் கிடைத்தது. நான் வேலையை விட்டதற்கு அதுதான் காரணம். எனவே காற்றாலைக் கம்பெனிக்காகப் பேசுகிறேன் என்றும் தயவுசெய்து எழுதாதீர்கள்.

சரி, அளவுகோல் தப்பு என்று சொன்னதற்கு வருகிறேன். 2022-ல் இந்தியா ஐ.நா.வுக்கு எழுதிக் கொடுத்த இலக்கில், 2030-க்குள் மின் நிறுவுதிறனில் 50 சதவீதம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு அல்லாததாக இருக்கும் என்று இருக்கிறது. 2025 ஜூனிலேயே அதை எட்டிவிட்டோம், ஐந்து வருடம் முன்னதாக. நிச்சயம் பெருமைதான், அந்தக் கணக்கில் நான் பார்த்துக்கொண்ட மெஷின்களும் இருக்கின்றன. ஆனால் நிறுவுதிறன் என்பது மெஷின் நிற்கிறது என்பதற்கான கணக்கு, ஓடியதற்கான கணக்கு கிடையாது. ஆடி ராத்திரியில் சும்மா நின்ற அந்த எட்டு மெஷினும் நிறுவுதிறனில் 12 மெகாவாட்தான். நாட்டில் உண்மையாக உற்பத்தியாகும் 100 யூனிட்டில் இன்னும் 70 யூனிட் அளவு கரியிலிருந்துதான் வருகிறது. பாதி பாதி என்று விவாதத்தில் சொல்கிறவர்கள் இந்த 70-ஐச் சொல்வதில்லை. இந்த 70-ஐச் சொல்கிறவர்களோ பகலில் சோலார் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைச் சொல்வதில்லை.

தமிழ்நாட்டில் மட்டும் காற்றாலை 11,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ராத்திரி மிஞ்சும் கரண்டில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, மறுநாள் சாயங்காலம் கீழே விட்டு மின்சாரம் எடுக்கிற காடம்பாறை நிலையம் 1980-களின் கடைசியிலேயே வந்தது, 400 மெகாவாட். ஐப்பசிக்காக ஆடிக் காற்றைச் சேர்த்து வைக்க அதனால் முடியாது, தெரியும். ஆனால் பதினொரு மணிப் போனை நிறுத்த அந்த மாதிரி இடங்களும் பேட்டரியும் கம்பியும்தான் வேண்டும்.

அதனால் நீங்கள் எங்காவது இதைப் பற்றி விவாதம் செய்யப் போனால் 2070-ஐ விட்டுவிடுங்கள், அப்போது நானும் இருக்க மாட்டேன், அறிவித்தவர்களும் இருக்க மாட்டார்கள். இந்த வருடம் வைகாசி முதல் புரட்டாசி வரை எத்தனை யூனிட் காற்றை நிறுத்தினார்கள் என்று கேளுங்கள். இத்தனை மெகாவாட் நிறுவினோம் என்று விளம்பரம் வருகிறதே, அதே விளம்பரத்தில் அந்த எண்ணும் வர வேண்டும், அதே எழுத்து அளவில்.