கென்டக்கி மேலவையிலிருந்து பேஸ்பால் ஆணையர் பதவி வரை: ஹாப்பி சாண்ட்லர் குறித்த கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஹாப்பி சாண்ட்லர் யார்? சட்டமன்றத்தில் இருந்தவர் ஒரு விளையாட்டு அமைப்பின் தலைமை நிர்வாகியானது எப்படி?

பதில்: ஆல்பர்ட் பெஞ்சமின் சாண்ட்லர் 1898இல் கென்டக்கி மாநிலத்தின் கோரிடன் ஊரில் பிறந்தார். ஹாப்பி என்பது கல்லூரியில் ஒட்டிக்கொண்ட செல்லப்பெயர். வழக்கறிஞராகத் தொழில் செய்தபடியே பள்ளி மாணவர்களின் விளையாட்டு அணிகளுக்குப் பயிற்சியும் அளித்தார். பிறகு மாநில மேலவை உறுப்பினர், துணை ஆளுநர், 1935இல் ஆளுநர், 1939 முதல் வாஷிங்டனில் செனட்டர் என்று உயர்ந்து, 1945இல் பேஸ்பால் ஆணையரானார். கால் நூற்றாண்டாக அப்பதவியில் இருந்த நீதிபதி லாண்டிஸ் இறந்ததும், வாஷிங்டனில் செல்வாக்குள்ள ஒருவரை அணி உரிமையாளர்கள் விரும்பினார்கள்.

கேள்வி: அமெரிக்க ஆளுநரும் நம் ஆளுநரும் ஒன்றா?

பதில்: அல்ல. அங்கே ஆளுநரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். செய்யும் வேலையைப் பார்த்தால் அவர் நம் முதலமைச்சருக்கு நெருக்கமானவர்.

கேள்வி: ஆளுநர் ஊரில் இல்லாத நேரத்தில் சாண்ட்லர் சட்டமன்றத்தைக் கூட்டினார் என்கிறார்களே, அது உண்மையா?

பதில்: உண்மை. அவர் எப்படிப்பட்ட அரசியல்வாதி என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை. விற்பனை வரி விவகாரத்தில் ஆளுநர் ரூபி லஃபூனும் துணை ஆளுநர் சாண்ட்லரும் பகைத்துக்கொண்டிருந்தார்கள். ஆளுநர் தேர்தலுக்கான அடுத்த வேட்பாளரை அவர்களது ஜனநாயகக் கட்சியின் மாநாட்டில் முடிவு செய்தால் லஃபூனின் ஆதரவு பெற்ற தாமஸ் ரே வென்றுவிடுவார் என்பதும், கட்சி உறுப்பினர்கள் நேரடியாக வாக்களித்தால் தமக்கு வாய்ப்பு உண்டு என்பதும் சாண்ட்லருக்குத் தெரியும். ஆளுநர் மாநில எல்லையைத் தாண்டினால் துணை ஆளுநரே பொறுப்பு ஆளுநர் என்பது அன்றைய விதி. 1935 பிப்ரவரியில் லஃபூன் வாஷிங்டனுக்குப் போன வேளையில், கட்சிக்குள் வாக்கெடுப்பைக் கட்டாயமாக்கும் சட்டத்துக்காகச் சாண்ட்லர் சிறப்புக் கூட்டத்தொடரை அழைத்தார். திரும்பி வந்த லஃபூன் அந்த அழைப்பை ரத்து செய்ய முயன்றார். நீதிமன்றம் அழைப்பு செல்லும் என்றது. அந்தக் கட்சி வாக்கெடுப்பின் முதல் சுற்றில் ரே முந்தினார், இரண்டாம் சுற்றில் சாண்ட்லர் வென்றார். ஆளுநரானபோது அவருக்கு வயது 37. விதியின் வாசகத்தை எதிரியைவிடக் கவனமாகப் படித்திருந்தார் என்பதே என் கணிப்பு.

கேள்வி: தன்னைத் தானே செனட்டராக நியமித்துக்கொண்டாரா?

பதில்: நேரடியாக அல்ல. 1939இல் செனட்டர் லோகன் இறந்ததும் சாண்ட்லர் ஆளுநர் பதவியை விட்டு விலகினார். ஆளுநராக உயர்ந்த துணை ஆளுநர் கீன் ஜான்சன், காலியான செனட் இடத்துக்கு அவரை நியமித்தார்.

கேள்வி: மேல்நிலை பேஸ்பாலில் நிறத்தடையை உடைத்த கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சனுக்கு எதிராக அணி உரிமையாளர்கள் 15க்கு 1 என்று வாக்களித்ததையும் மீறி, சாண்ட்லர்தான் கறுப்பினத்தவருக்குக் கதவைத் திறந்தாரா?

பதில்: இரண்டு செய்திகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ராபின்சனைத் தேடிக் கண்டெடுத்து, 1945 அக்டோபரில் ஒப்பந்தம் செய்து, மான்ட்ரியல் அணியில் ஓராண்டு ஆடவைத்து, 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் அணியில் களமிறக்கியவர் அந்த அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி. சாண்ட்லர் அதைத் தடுக்கவில்லை. தடுக்கும் அதிகாரம் உள்ள நாற்காலியில் இருந்துகொண்டு தடுக்காமல் இருந்ததை நான் சிறிய செயலாக எண்ணவில்லை. லாண்டிஸ் காலம் முழுவதும் ஒரு கறுப்பின வீரர்கூட மேல்நிலை அணிகளில் ஆடவில்லை. ராபின்சனை வசைபாடிய பிலடெல்பியா மேலாளர் பென் சாப்மன் அணிக்கும் சாண்ட்லர் எச்சரிக்கை விடுத்தார்.

15க்கு 1 என்ற கணக்கு வேறு வகையைச் சேர்ந்தது. அது பெரும்பாலும் சாண்ட்லர் பிற்காலத்தில் சொன்ன நினைவிலிருந்து வருகிறது. ரிக்கி 1948இல் ஒரு உரையில் உரிமையாளர்களின் எதிர்ப்பைப் பற்றிப் பேசினார். உரிமையாளர்கள் அதை மறுத்தார்கள். மாறாக, பதவியேற்ற 1945ஆம் ஆண்டிலேயே, போர்முனையில் சண்டையிடத் தகுதியான கறுப்பின இளைஞன் பேஸ்பாலும் ஆடலாம் என்று கறுப்பினப் பத்திரிகையாளர்களிடம் சாண்ட்லர் சொன்னது அப்போதே அச்சேறியது. முதுமையில் சொன்ன கதையையும் அன்றே பதிவான சொல்லையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்காதீர்கள்.

கேள்வி: அந்த 15க்கு 1 வாக்கெடுப்பு எங்கே நடந்தது?

பதில்: மேலே கூறியதைத் தயவுசெய்து படியுங்கள். வாக்கெடுப்பு நடந்ததா என்பதே விவாதத்தில் இருக்கையில், இடத்தை எப்படி உறுதியாகச் சொல்வேன்?

கேள்வி: 1948 குடியரசுத் தலைவர் தேர்தலில் இனப்பிரிவினையை ஆதரித்த வேட்பாளர் ஸ்ட்ராம் தர்மண்டின் பக்கம் நின்றவரை எப்படிப் பாராட்டுகிறீர்கள்? சிலர் அவரை விடுதலை வீரர் போல எழுதுகிறார்களே?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, அவரை விடுதலை வீரர் என்று நானும் ஏற்கவில்லை. அவர் தர்மண்டை ஆதரித்ததும் உண்மை, 1988இல் கென்டக்கிப் பல்கலைக்கழக அறங்காவலர் கூட்டத்தில் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல்லைப் பயன்படுத்திப் பெரும் எதிர்ப்பைச் சந்தித்ததும் உண்மை. ஆனால் 1956இல், மீண்டும் ஆளுநராக இருந்தபோது, ஸ்டர்ஜிஸ், கிளே ஆகிய ஊர்களில் வெள்ளையர் கூட்டம் கறுப்பின மாணவர்களைப் பள்ளிக்குள் விடாமல் மறித்த வேளையில், மாநிலப் படையை அனுப்பியவரும் இவரே. அடுத்த ஆண்டு அர்கன்சாஸ் ஆளுநர் அதே வகைப் படையை மாணவர்களைத் தடுப்பதற்காக நிறுத்தினார். ஒரு செயலைச் சொல்லி மற்றொன்றை அழிக்க நான் உடன்படமாட்டேன். பாராட்டுபவர்களும் பழிப்பவர்களும் பாதி வாழ்க்கையையே எழுதுகிறார்கள்.

கேள்வி: கிரிக்கெட்டுக்கும் பேஸ்பாலுக்கும் என்ன வேறுபாடு?

பதில்: இது என் துறை அல்ல. விளையாட்டு விதிகள் அறிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: 15க்கு 1 வாக்கில் ஆதரித்த அந்த ஒருவர் யார்?

பதில்: சாண்ட்லரின் கூற்றுப்படி ரிக்கி. இந்தக் கணக்கைப் பற்றி இனி எழுதமாட்டேன்.

கேள்வி: இவ்வளவு செய்தவரை ஏன் ஆணையர் பதவியிலிருந்து அனுப்பினார்கள்?

பதில்: வீரர்களுக்கு ஓய்வூதியத் திட்டம் அவர் காலத்தில் தொடங்கியது. புரூக்ளின் மேலாளர் லியோ துரோச்சரை 1947 பருவம் முழுவதும் இடைநீக்கம் செய்தார். மெக்சிகோ அணிகளுக்குத் தாவிய வீரர்களுக்கு ஐந்தாண்டுத் தடை விதித்து, 1949இல் அதை நீக்கினார். ஒவ்வொரு முடிவும் யாரோ ஒருவரைப் புண்படுத்தியது. செயின்ட் லூயிஸ் உரிமையாளர் ஃபிரெட் சாய், நியூயார்க் யாங்கீஸ் அணி உரிமையாளர்களில் ஒருவரான டெல் வெப் போன்றோர் அவருக்கு எதிராக ஆள் சேர்த்தார்கள். 1935இல் வாக்குகளை அவ்வளவு துல்லியமாக எண்ணியவர், 16 பேர் மட்டுமே கொண்ட இந்த அவையில் தம் பக்கத்தை எண்ணத் தவறினார் என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. பதவி நீடிக்க 12 வாக்குகள் வேண்டும். 1951 மார்ச்சில் அவருக்குக் கிடைத்தவை 9.