தைராய்டு கட்டுக்குள் வந்த பிறகும் கண் ஏன் பிதுங்குகிறது?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தைராய்டு மிகையாகச் சுரப்பதற்காகச் சில மாதங்களாகக் கார்பிமசோல் மாத்திரை சாப்பிடும் அவருக்கு, அண்மையில் எடுத்த இரத்தப் பரிசோதனை சரியாக வந்திருக்கிறது. கண்கள் மட்டும் முன்னைவிடப் பிதுங்கி, காலையில் இமை வீங்கி, மணல் விழுந்ததுபோல் உறுத்துகின்றனவாம். மாத்திரை வேலை செய்யவில்லையா, ஃபார்மசியில் விற்கும் சொட்டு மருந்து போதுமா என்று கேட்கிறார்.

மாத்திரை வேலை செய்கிறது, சகோதரி. அதை நீங்களாக நிறுத்தவே கூடாது. உங்களுக்கு இருப்பது பெரும்பாலும் கிரேவ்ஸ் நோயாக இருக்கும். அந்நோயில் உடலின் எதிர்ப்பு சக்தி தடம் மாறித் தைராய்டு சுரப்பியைத் தூண்டுவதோடு, கண்ணுக்குப் பின்னாலுள்ள தசையையும் கொழுப்பையும் வீங்கச் செய்கிறது. சுற்றிலும் எலும்பு இருப்பதால், அந்த வீக்கம் கண்ணை முன்னால்தான் தள்ள முடியும். கார்பிமசோல் சுரப்பைக் குறைக்குமே தவிர, இந்த அழற்சியை நேரடியாக அடக்காது. சுரப்பி அடங்கினாலும் கண் தன் போக்கில்தான் தணியும். அதற்குப் பல மாதங்கள், சிலருக்கு இரண்டு மூன்று ஆண்டுகள்கூட ஆகலாம். சுரப்பு தேவைக்கும் கீழே இறங்கினாலும் கண் மோசமாகும் என்பதால், இரத்தப் பரிசோதனைத் தவணைகளைத் தவறவிடாதீர்கள்.

நீங்கள் குறிப்பிடவில்லை என்றாலும் கேட்டே ஆக வேண்டும்: புகைக்கும் பழக்கம் உண்டா, அல்லது வீட்டில் யாராவது புகைக்கிறார்களா? இந்தக் கண் நோயைத் தீவிரமாக்கி, சிகிச்சையின் பலனையும் குறைப்பதில் சிகரெட்டுக்கு இணையாக நம் கையில் இருக்கும் காரணம் வேறில்லை. புகைப்பவர் உங்கள் கணவரானாலும் மகனானாலும் வீட்டுக்குள் புகைக்க வேண்டாமென்று உறுதியாகச் சொல்லுங்கள்.

சொட்டு மருந்தைப் பொறுத்தவரை, பதனப்பொருள் கலக்காத செயற்கைக் கண்ணீர் பகலிலும், கெட்டியான ஜெல் இரவிலும் உறுத்தலைத் தணிக்கும். கண் சிவப்பை உடனே போக்கும் சொட்டுகளையும், மருத்துவர் எழுதித் தராத ஸ்டீராய்டு சொட்டுகளையும் தொடாதீர்கள். தலைமாட்டைச் சற்று உயர்த்திப் படுத்தால் காலை வீக்கம் குறையும். நீங்கள் தூங்கிய பிறகு, இமைகளுக்கிடையே வெள்ளைவிழி தெரிகிறதா என்று வீட்டில் ஒருவரை டார்ச் விளக்கால் பார்க்கச் சொல்லுங்கள். தெரிந்தால் கருவிழி காய்ந்து புண்ணாகும் ஆபத்து இருக்கிறது. லேசான நோய்க்கு 6 மாதங்கள் செலினியம் என்ற தாதுச்சத்தைக் கொடுப்பதுண்டு; அதையும் மருத்துவரைக் கேட்டே தொடங்குங்கள்.

வாரம் ஒருமுறை ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒரு செம்பருத்திப் பூவைப் பாருங்கள், பிறகு மறுகண்ணால் பாருங்கள். ஒரு கண்ணில் சிவப்பு மங்கித் தெரிந்தாலோ, பார்வை குறைந்தாலோ, பார்வை நரம்பு நெருக்கப்படுவதாக இருக்கலாம். அன்றே பினாங்கு பொது மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். இரண்டு கண்ணிலும் ஒரே நேரத்தில் மங்கினால் ஒப்பிட்டுக் கண்டுபிடிப்பது கடினம், ஆகவே இந்தச் சோதனை கண் மருத்துவரின் பரிசோதனைக்கு ஈடாகாது. பொருள்கள் இரண்டாகத் தெரிந்தால் கார் ஓட்டாமல், அந்த வாரத்திலேயே மருத்துவரைப் பாருங்கள்.

இப்போது உங்கள் கிளினிக்கில் கண் நிபுணருக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். போகும்போது அடையாள அட்டையுடன் சில பழைய படங்களையும் எடுத்துச் செல்லுங்கள். கண் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை அவற்றை வைத்தே அளவிடுவோம். அழற்சி கடுமையாக இருந்தால் வாரம் ஒருமுறையாக 12 வாரங்களுக்கு மெதில்பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை இரத்தக்குழாய் வழியாக ஏற்றுவார்கள், நீரிழிவு இருப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சுரப்பிக்குக் கதிரியக்க அயோடின் கொடுக்கலாமென்று யாராவது சொன்னால், கண் நோய் இருப்பதை முதலில் தெரிவியுங்கள், ஏனெனில் அது கண்ணை மோசமாக்கக்கூடும். தோற்றத்தைச் சீராக்கும் அறுவை சிகிச்சையைப் பொதுவாக அழற்சி அடங்கி ஆறு மாதங்கள் மாற்றமின்றி இருந்த பிறகே செய்வோம்: தேவைப்பட்டால் முதலில் கண்குழி, அடுத்து மாறுகண், கடைசியாக இமை.